கோடு விழுந்த கால்வாய்கள்

சணல் கயிற்றால் கட்டிய நாற்பது அறிவியல் பாடநூல்கள். எல்லாவற்றிலும் ஒரே பக்கத்தில், ஒரே பத்தியின் மேல், அளவுகோல் வைத்து இழுத்த நீல மைக் கோடுகள். அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல் கல்வி அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சாட்சிப் பொருளாக என் மேசைக்கு வந்தவை அவை. ஏழைப் பிள்ளைகளுக்கு இரவல் தர அரசு வாங்கியவை; ஆகவே அரசுச் சொத்து; கோடு போட்டதால் சேதம்; சேதம் என்றால் ஒரு கோப்பு. அந்தக் கோப்பைத் திறந்தவன் நான்.

கோடு போட்டவர் எரியோடு பக்கத்துப் பள்ளியொன்றின் அறிவியல் டீச்சர். செவ்வாயில் கால்வாய்கள் ஓடுகின்றன, அறிவுள்ள உயிர்கள் பாசனத்துக்கு வெட்டியிருக்கலாம் என்று அந்தப் பத்தி சொன்னது. அதைப் படித்துத்தான் நானும் தேறியிருந்தேன். அந்த வருடம் ஒரு விண்கலம் செவ்வாயை ஒட்டிப் பறந்து படங்கள் அனுப்பியது. செய்தித்தாளில் அவற்றைப் பார்த்த டீச்சர், மறுநாளே அளவுகோலை எடுத்துவிட்டார். தலைமையாசிரியர் எங்களுக்கு எழுதிவிட்டார்.

விளக்கம் தர அழைத்தோம். கசங்கிய செய்தித்தாளை என் மேசையில் விரித்தார். "கால்வாயே இல்ல சார். அம்புட்டும் குழி, நிலாவுல இருக்காப்புல." செய்தித்தாள் ஆவணமாகாது, பாடநூலைத் திருத்தும் அதிகாரம் பாடநூல் குழுவுக்கே உண்டு என்றேன். அடுத்த மாதம் அவருக்குத் தகுதிகாண் பருவம் முடியவேண்டும். குற்றச்சாட்டு நிரூபணமானால் ஒரு வருடம் நீளும்; பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அவர்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. "கை தவறி மை கொட்டிருச்சுன்னு எழுதிக் குடுங்க டீச்சர். செத்த நேரத்துல முடிச்சிரலாம்" என்றேன்.

"நாப்பது புத்தகத்துலயும் தேடிப் போயி ஒரே பத்தியிலயா சார் கொட்டும்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. 'பத்தி தவறு, அதனால் அடித்தேன்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு வருடம் நீட்டிக்கும் உத்தரவை நான்தான் வரைந்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளும் செவ்வாய்ப் பத்தியை மையால் அடித்து, அடித்ததற்குச் சான்று அனுப்பவேண்டும். அந்தத் தலைமையாசிரியர் சந்தேகம் கேட்டு எழுதினார்: விசாரணை முடிந்து நீங்கள் திருப்பி அனுப்பிய பிரதிகளில் ஏற்கெனவே அடித்திருக்கிறது, என்ன செய்வது? முன்பு அடித்தது அனுமதியின்றி. ஆகவே மறுபடி அடித்துச் சான்று அனுப்பவும் என்று பதில் வரைந்தேன். அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சான்றை டீச்சரே கொண்டுவந்தார். நாற்பதிலும் அவர்தான் இரண்டாம் முறை கோடு போட்டிருந்தார். கொடுத்துவிட்டு நின்றார். "அதே பத்தியத்தான சார் இப்ப நீங்களே அடிக்கச் சொல்றீங்க. அந்த ஒரு வருசத்தத் திருப்பிக் கேக்க வழியிருக்கா?"

மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிட்டது என்றேன். அது உண்மைதான். "சரி சார், வாரேன்" என்று போய்விட்டார்.

பிற்காலத்தில் செவ்வாயில் வறண்ட ஆற்றுத் தடங்களைக் கண்டார்கள். கோடையில் குடகனாற்றைப் பார்த்தவனுக்கு அந்தப் படங்கள் புதிதல்ல. டீச்சரிடம் சொல்லியிருந்தால் அதற்கும் நாற்பது பிரதிகளிலும் ஓரத்தில் குறிப்பு எழுதியிருப்பார்.

கெடு முடிந்தாலும், பழைய உத்தரவைத் தானாகவே மறுபரிசீலனை செய்ய அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. யாரும் மனுக் கொடுக்கவேண்டியதில்லை. சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி குமாஸ்தா அரைப் பக்கக் குறிப்பு எழுதினால் போதும். அந்த விதி எனக்கு மனப்பாடம். அன்று நேரமும் இருந்தது. முடிந்த கோப்பை மறுபடி திறக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.