ஷிப்ட் வீட்டுப் பிறந்தநாள்

மாடி வீட்டுக் குழந்தைக்கு இன்று பிறந்தநாள். கைதட்டலில் என் தலைக்கு மேல் தளம் அதிர்கிறது.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் எனக்கு ஐந்து வயது நிறைந்த பிற்பகல். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்துவந்த அப்பா, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கேசரியைத் தட்டில் கொட்டிச் சதுரமாக்கி மெழுகுவத்தி நட்டாள்.

"அப்பாவை எழுப்பட்டுமாம்மா?"

"வேணாம்டி. தூக்கம் கெட்டா ராத்திரி மெஷின்ல எப்படி உக்காருவாரு?"

எங்கள் பிளாக் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உதடு மட்டும் அசையப் பாடினார்கள். உள்ளங்கைகள் ஒட்டுவதற்கு முன்பே நிறுத்திக் கைதட்டினார்கள். யாராவது மறந்துபோய்க் கத்திவிட மாட்டார்களா, அப்பா எழுந்து வந்துவிட மாட்டாரா என்று உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தரும் மறக்கவில்லை.

மேலே மறுபடியும் பாட்டு. இந்த வீட்டில் இப்போது என்னைத் தவிர யாருமில்லை. நானும் கைதட்டுகிறேன். உள்ளங்கைகள் ஒட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகின்றன.