லோடில் நின்ற பதிப்பு

கணபதிப் பகுதியில் என் மனைவியின் தங்கை பம்ப் பட்டறை நடத்துகிறாள். போன கோடையில் அவளுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஒரே நிபந்தனை: பம்ப் ஒரு மணி நேரம் ஓடுவதை வாங்குபவர் தன் ஊரில் இருந்தபடியே பிரௌசர் வழியாகப் பார்ப்பார். பட்டறைக் கணினியின் பிரௌசரில் திறந்த ஒரு டேபிலிருந்து கேமரா படம் போகும், இன்னொன்றிலிருந்து மீட்டர் அளவுகள். நடுவில் எது மூடிப்போனாலும் சோதனை செல்லாது. ஆர்டர் வேறொருவருக்குப் போகும்.

பத்திரிகை டெஸ்க்கில் கணினியோடு காலம் தள்ளியவன் என்று என்னைக் கூப்பிட்டாள். பட்டறைக் கணினியில் இரண்டு பிரௌசர்கள் இருந்தன. ஒன்று அந்த வாரம்தான் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. மற்றது, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றபடி மாறாமல் நிற்கும் நீண்டகாலப் பதிப்பு.

அவளுக்குப் புதியதுதான் பிடித்தது. அதில் மட்டும்தான் பின்னணியை மங்கலாக்க முடிந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் வாசல்வரை கூட்டி ஒழுங்குபடுத்தும் ஊர் இது.

“ஏனுங் மாமா, இந்த இரும்புத் தூளையும் கிரீஸ் டப்பாவையும் பாத்தா அவுரு என்ன நெனைப்பாருங்க?”

மங்கலாக்கிப் பார்த்தோம். அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் இருந்த பம்பைக் காணவில்லை.

“ஏனுங்கம்மணி, அவுரு பாக்க வாரது பம்பையா, பொண்ணையா?” என்றார் வயதான ஃபிட்டர்.

“ரண்டு பசங்களப் பெத்தவள எவன் பாக்க வாரான்? நீங்க வால்வைத் தெறங்க,” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “பம்பை முழுப் பாரத்துல லோடு போட்டுப் பாக்காம அனுப்பறதில்லீங்களே. இதையும் லோடு போட்டுப் பாத்துப்போடலாமுங்.”

இரண்டு பிரௌசருக்கும் ஒரே சோதனை. படம் ஓடும்போதே வேறு பக்கங்களைத் திறந்தோம். பெரிய லேத்தை ஓட்டி மின்னழுத்தத்தை இறக்கினோம். நெட் வயரைப் பிடுங்கிச் சொருகினோம்.

புதியது சட்டென்று திறந்தது, படமும் துல்லியம். ஆனால் நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மீட்டர் டேபை உறங்க வைத்தது. அந்த வசதியை செட்டிங்கில் போய் அணைத்தோம். வயரைச் சொருகியதும் கேமராவுக்கு மறுபடி அனுமதி கேட்டது. அதை நிறுத்தும் வழி எனக்குக் கிடைக்கவில்லை. பழையது திறக்கவே நேரம் எடுத்தது, நிறமும் கொஞ்சம் மங்கல். ஆனால் இரண்டு டேபையும் உறங்க விடவில்லை. இணைப்பு அறுந்தால் தானே தேடிப் பிடித்துக்கொண்டது. பம்புகளின் சோதனை முடிவை எழுதும் கரும்பலகையில், பம்பின் பெயருக்குக் கீழே இரண்டு பதிப்புகளையும் சாக்பீஸால் எழுதினேன்.

பழையதே போதும் என்று, பின்னணியை மங்கலாக்கும் ஆசையை விட்டுக்கொடுத்து, ஷெட்டைக் கூட்டினாள்.

சோதனை நாளன்று எல்லாம் சீராகப் போனது. முடியும் தறுவாயில் பக்கத்துப் பட்டறையில் தகடு அழுத்தும் பெரிய பிரஸ் கிளம்பியது. விளக்குகள் மங்கின. படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்றியது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடாமலே படம் திரும்பி வந்தது. மீட்டர் டேபில் அளவுகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் முடிந்ததும் வாங்குபவர் ஆங்கிலத்தில், ஆர்டர் உறுதி என்றார். பின்னால் தெரிந்த கிரீஸ் டப்பாக்களைக் காட்டி, தன் பட்டறையும் இப்படித்தான் இருக்கும் என்று சிரித்தார்.

இணைப்பைத் துண்டித்தபின் அவள் பலகைக்குப் போனாள். பம்புக்கு எதிரே ‘பாஸ்’ என்று பெரிதாக எழுதினாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, பழைய பதிப்புக்கு எதிரேயும் அதே அளவில் எழுதினாள்.