தெற்குக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு

சேதுபதி சூரியனுக்கே வழி சொல்லித் தருகிற ஆள். துக்காங் எமாஸ் தெரு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பவனுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். அவனை யாரும் கேட்கவில்லை.

கடல் கடந்து பிழைக்க வந்த மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற பகுதியில் பலகை வீடு ஒன்றின் வடக்குப் பாதியில் அவன் குடியிருந்தான். தெற்குப் பாதியில் அஞ்சலை. நடுவே ஆள் உயரத் தடுப்பு, அதற்கு மேலே இருவருக்கும் ஒரே கூரை.

மார்கழியில் அவன் மனைவி சிவகாமசுந்தரி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், அவள் முகம் மாறவில்லை. "ஒரு வருஷம் அசைக்காம, தலையைக்கூடத் தூக்காம வச்சிருங்க. பிறகு பார்க்கலாம்." அந்தப் 'பிறகு பார்க்கலாம்' இருக்கிறதே, அதைப்போலக் கசப்பான மருந்து கிடையாது.

"கால்ல கொஞ்சம் வெயில் பட்டாத் தேவலாம்" என்றாள் அவள். வேறெதுவும் கேட்கவில்லை.

ஒழுகும் என்று பயந்த வீட்டுக்காரர், ஒரே ஒரு கண்ணாடி ஓட்டுக்குத்தான் சம்மதித்தார். மலாய்த் தச்சர் பாக் மான் ஏணியில் நின்று கேட்டார்: "எந்தப் பக்கம்? வெயில் இங்கே ஆறு மாசம் தெற்கே, ஆறு மாசம் வடக்கே. நல்லா யோசிச்சுக்கோ."

"எங்க ஊர்ல சூரியன் தெற்காலதான் சாஞ்சு போகும். இப்பவும் அப்படித்தானே போகுது?" என்றான் சேதுபதி. அது தை மாதம்.

தெற்குச் சரிவு அஞ்சலையின் பக்கம். "போடுங்கண்ணே, அக்காவுக்குத்தானே" என்றாள் அவள்.

மறுநாள் நடுப்பகலில் தடுப்பைத் தாண்டி வெயில் வந்து சிவகாமியின் பாதத்தில் விழுந்தது. "சுடுது" என்றாள். சேதுபதி வாய்விட்டு அழுதான். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் பறந்து வந்து, கேட்டுக்கொண்டு போவான். சுடுதா? சுடுது.

பங்குனியில் சூரியன் வடக்கே நகர நகர, வெயில் கட்டில் விளிம்புக்கு ஒதுங்கியது. சித்திரையில் தடுப்பில் ஏறியது. வைகாசியில் அந்தப் பக்கம் இறங்கி, அஞ்சலையின் அரிசிப் பானைமேல் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு ஓடு கேட்டான். "மெர்டேக்கா ஆகட்டும், நாடு சுதந்திரமாகட்டும், பார்ப்போம்" என்றார் வீட்டுக்காரர். அஞ்சலை முகக்கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பிப் பார்த்தாள். அது உத்தரத்தில் நடுங்கியதே தவிர, கீழே இறங்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று சேதுபதி குமைந்தான். சிவகாமி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் அவனைக் கொன்றது.

மெர்டேக்கா அன்று கடை விடுமுறை. தெருவே கொடியோடு திடலுக்குப் போயிருந்தது, அஞ்சலையும்தான். நடுப்பகலில் சேதுபதி அவள் பக்கம் போய், பானைமேல் கிடந்த வெயிலில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தான். நன்றாகக் காய்ந்ததும் வாசலைச் சுற்றி ஓடிவந்து கட்டிலருகே மண்டியிட்டான்.

"சிவகாமி, வெயில் கொண்டாந்திருக்கேன். சுடுதா?"

அவள் கூரையைப் பார்த்தபடியே சிரித்தாள். "சுடுது. தை மாசம் மாதிரியே சுடுது."

அவன் கைகள் அவள் பாதத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தன. இன்னும் தொடவில்லை.