வயரை உருவிய கை

சேலையூர் கம்ப்யூட்டர் சென்டரில் அன்று மூன்று பேர் இருந்தோம். கடைக்காரர், கச்சேரிக் குழு நடத்தும் அண்ணன், அவரிடம் கிட்டார் வாசிக்கும் நான். கிட்டார் ஒலியை மாற்றித் தரும் அண்ணனுடைய எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் புது சாஃப்ட்வேர் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒல்லி. கரண்ட் போய்விடுமோ என்று யு.பி.எஸ். மேல் ஒரு கையை வைத்தபடியேதான் வேலை செய்வார்.

"நடுவுல நின்ன மாதிரி தெரியும். வயர்ல மட்டும் கை வெச்சிடாதீங்க," என்றார்.

அண்ணன் போன் பேச வெளியே போனார். திரையில் எண்பது சதவீதத்தில் நின்றது. வேலை நின்றேவிட்டது என்று நினைத்து வயரை உருவிச் செருகினேன். பெட்டி செத்துப்போனது. கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னாடா ஆச்சு?" என்று அண்ணன் கத்திக்கொண்டே வந்தார்.

"என் கை பட்டுடுச்சு சார்," என்றார் கடைக்காரர்.

"அப்போ பெட்டிக்கான துட்டு ஒன்பதாயிரத்தை நீதான் வெக்கணும்," என்றார் அண்ணன்.

வேலை போய்விடுமே என்று நான் வாயே திறக்கவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார்? கேட்கப் பயந்து அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டேன். அவர் மாதாமாதம் கட்டித் தீர்த்ததாகக் கேள்வி. நான் அவருக்குத் தரவேண்டியது இன்னும் ஒன்பதாயிரம் ரூபாய்.