பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரிகளை எடை போடும் இடத்தில் அன்புக்கரசிக்கு வேலை. லாரி மேடையில் ஏறும், எண் விழும், சீட்டு அடித்துக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதேதான். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஸ்லிப்பக்கா’. சிரிக்கவும் மாட்டாள், சண்டைக்கும் வர மாட்டாள். ஒருமுறை கம்பி ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து அவள் உட்கார்ந்திருந்த அறையின் சுவரையே இடித்துவிட்டது. எழுந்து, கொட்டிய டீயைத் துடைத்துவிட்டு, அடுத்த சீட்டை அடித்தாள். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. பெருமைப்பட இதில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. உள்ளே மரத்துப்போன மனுஷி அப்படித்தான் இருப்பாள்.

போன வருடம் அவளைத் தேடிக்கொண்டு வியாசர்பாடிக்கு ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். பெயர் ஜூடி. தமிழ்ச் சிறுவர் பத்திரிகைகளின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் தங்களுக்கு மாமா என்றும் அண்ணா என்றும் பெயர் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காக எழுதியது மலையாகக் கிடக்கிறதாம். பிள்ளைகளே எழுதியது கைப்பிடி அளவுதானாம். அந்தக் கைப்பிடிக்கு ஒரு தனி அத்தியாயம். எப்போதோ நின்றுபோன ஒரு மாதப் பத்திரிகையில் 1986-ல் ஆறு கதைகள் எழுதிய ‘அன்புக்கரசி, வயது 11, வியாசர்பாடி’ அதில் இருந்தாள்.

ஹவுசிங் போர்டு வீட்டின் ஒரே நாற்காலியில் ஜூடியை உட்கார வைத்தார்கள். கதை அச்சான பக்கங்களை ஜூடி தன் போனில் காட்டினார். அன்புக்கரசி பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

“இந்த வயசுல இப்படி எழுதணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?” என்று கேட்டார் ஜூடி.

அன்புக்கரசி வாயைத் திறப்பதற்குள் அம்மா கெங்கம்மாதான் முந்திக்கொண்டாள். எழுபத்தெட்டு வயது, பாதிப் பார்வை. ஆனால் பேச்சில் குறையில்லை.

“எம்பொண்ணு அப்பவே அப்டித்தாம்மா. இதுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சி, அறிவுன்னு. பேருதான் அறிவு. இஸ்கூலும் போவல, வேலயும் செய்யல. தண்டமா ஊர சுத்திக்கினு இருந்தான். தங்கச்சி பேரு புக்குல வருது, அத்தப் பாத்தாவது திருந்துடான்னு தெனம் அடிச்சிக்கினேன்.”

செத்து முப்பத்தைந்து வருடமாகியும் அவன் அந்த வீட்டில் தண்டம்தான். ஜூடி வந்திராவிட்டால் அப்படியே இருந்திருப்பான்.

ஆறு கதைகளும் அவன் எழுதியவை. அந்தப் பத்திரிகையில் பிள்ளைகள் எழுத ஒரு விதி இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அறிவுக்கு அப்போது பதினைந்து. எட்டாவதில் பெயிலாகி நின்றுவிட்டவனுக்கு எந்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார்? பெரியவர்களோடு போட்டிபோடும் வயதும் இல்லை. தங்கச்சியை அவள் கையெழுத்தில் நகலெடுக்கச் சொல்லி, அவள் பள்ளி முத்திரையோடு அவள் பெயரிலேயே அனுப்பினான். “அம்மாவாண்ட சொல்லாத. சொன்னா இஸ்கூல் சீல வச்சி ஏமாத்துனோம்னு உன்னயும் சேத்து வெளுக்கும்” என்றான். அவள் சொல்லவில்லை.

பத்திரிகை வரும் நாளில் கெங்கம்மா தண்டையார்பேட்டை கோடவுனில் நாளெல்லாம் பருப்பு புடைத்துவிட்டு வருவாள். எழுத்துத் தெரியாது. மகள் பெயர் எந்த இடத்தில் என்று கேட்டுப் பார்த்துக்கொள்வாள், அதோடு சரி. கதை என்னவென்று கேட்கும் தெம்பு அவளுக்கு இருந்ததில்லை. மகளைக் கொஞ்சிய கையோடு மகனைத் திட்டுவாள். திட்டுத் தாங்காமல் ஒருநாள் அறிவு அதே கோடவுனில் மூட்டை தூக்கப் போனான். பத்தொன்பது வயதில் மூட்டை அடுக்கு சரிந்து போய்ச் சேர்ந்தான். மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். அன்று அன்புக்கரசி அழவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. நாள் போகப் போக, சொல்வதற்கான இடமே வாய்க்கவில்லை. பாவம்தான். ஆனால் அவள் மேல் எனக்குக் கோபமும் உண்டு.

அன்றைக்கு ஜூடியை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடப் போனவள், அங்கே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டில் எடையை வாசிக்கும் அதே குரலில்.

ஜூடி போனைப் பைக்குள் போட்டார். “நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். இனிமே அந்தக் கதைகளை நான் போட முடியாது. அந்த அத்தியாயம் முழுக்கப் பன்னிரண்டு வயசுக்குள்ள எழுதினவங்க.”

“வாணாம் மேடம், எடுத்துடுங்க. அண்ணன் பேரு மட்டும் எங்கனா ஒரு மூலையில வருமா?”

“அடிக்குறிப்புல ஒரு வரி போடறேன்.”

புத்தகம் இந்த வருடம் கூரியரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். கெங்கம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“உம் பேரு எங்க கீது? படிடி.”

அன்புக்கரசி ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள். “வியாசர்பாடியிலிருந்து அனுப்பப்பட்ட ஆறு கதைகள், வயது வரம்பைக் கடந்தவர் எழுதியவை என்று தெரியவந்ததால் சேர்க்கப்படவில்லை. எழுதியவர் அறிவு, வயது 15.”

“அவன் பேரு இன்னாத்துக்குடி அதுல வருது?”

சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் ஜூடியிடம் சொன்னதையெல்லாம். குழாயடியில் யாரோ குடத்தைக் கழுவும் சத்தம் மேலே கேட்டது.

“அவன் எழ்துனதப் படி. நான் கேக்கணும்.”

“அது இதுல இல்லம்மா. எடுத்துட்டாங்க.”

“ஏன் எடுத்தாங்க?”

“கொயந்தங்க எழ்துனது மட்டும்தான் இதுல போடுவாங்களாம். அண்ணனுக்கு வயசு ஜாஸ்தி.”

“பதினஞ்சி வயசுடி,” என்றாள் கெங்கம்மா. “அவன் கொயந்ததானேடி.”

அன்புக்கரசி புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள்.