முதுகுக்குப் பின்னால் நடந்த ஆட்டம்

கோவிந்தராஜனும் நானும் ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு ஆபீஸ் கேட்டில் செக்யூரிட்டி. அவன் மெட்டுகுடாக்காரன். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டை விட்டு நகர மாட்டான்.

அவன் தங்கச்சி காஞ்சனா, புருஷன் போன பிறகு கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்தப் பிள்ளைதான் சந்தீப். படிப்பில் ஒட்டாதவன் கால்பந்தில் ஒட்டிக்கொண்டான். வெளியூர் கிளப்புகளில் ஆடினான். மாமனுக்கு எப்போதும் ஒரு டூட்டி குறுக்கே நிற்கும். பையன் பெரிய ஆட்டம் ஆடி அவன் நேரில் பார்த்ததே இல்லை. போனில் பார்க்கலாமே என்றால், "அதை ஊரே பாக்குது. நான் பாத்த மாதிரி ஆகுமா?" என்பான்.

போன வருஷம் சந்தீப்புக்கு இந்தியா அணியில் இடம் கிடைத்தது. மூன்று நாடுகள் மட்டும் ஆடுகிற சின்னக் கோப்பை. உலகத்தில் யாரும் கவனிக்காத கோப்பைதான். ஆனால் நடந்தது ஹைதராபாத்தில். முதல் ஆட்டத்தில் அவனை இறக்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வீட்டுக்கு இரண்டு பாஸ் அனுப்பினான், அம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று.

அந்த ஆட்டத்துக்குக் காவல் ஆள் போதாமல் எங்கள் ஏஜென்சியைக் கூப்பிட்டார்கள். கோவிந்தராஜன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். தன் பாஸைத் தூக்கிப் பக்கத்து வீட்டு சீதாராமனுக்குக் கொடுத்துவிட்டான்.

"கிரவுண்டு உள்ளயே நிக்கப்போறேன். எனக்கு பாஸ் கைக்கு, எதுக்குடா?" என்று என்னிடம் பெருமை வேறு. நானும் சரிதானே என்றேன். ஸ்டேடியம் வேலை எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆரஞ்சு கோட்டு மாட்டி, புல்லுக்கும் ஜனம் உட்காரும் காலரிக்கும் நடுவில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். அப்புறம் சூப்பர்வைசர் ராகவேந்திரா சட்டம் சொன்னார். முகம் ஜனத்தைப் பார்த்து இருக்க வேண்டும். காலரி காலியாகும் வரை ஒருவனும் மைதானத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. மேலே கேமரா இருக்கிறது. திரும்பினவன் நாளைக்கு பேகம்பேட் கேட்டுக்கும் வர வேண்டாம்.

கோவிந்தராஜன் அவர் பின்னாலேயே போய், வேறு எங்கேயாவது மாற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினான். தங்கச்சி மகன் ஆடுகிறான் என்றும் சொல்லித் தொலைத்தான். அப்படியானால் நீதான் கட்டாயம் திரும்புவாய், உன்மேல் தனியாக ஒரு கண் வைக்கிறேன் என்றார் அவர்.

ஆட்டம் தொடங்கியது. பின்னால் பந்து உதைபடுகிறது, விசில் கேட்கிறது, ஆட்டக்காரர்கள் கத்துகிறார்கள். கழுத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றோம். கொஞ்சம் தள்ளி நின்ற ஒருத்தன் ஒரே ஒரு தடவை திரும்பினான். அங்கேயே கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பியிருக்கலாமே என்று அவனைக் கேட்கிறவர்கள், எங்கள் வயதில் ஒரு வேலை தேடிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

காஞ்சனா எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவனுக்கு ஒரு தெம்பு. இரண்டாம் பாதியில் காலரி மொத்தமும் சந்தீப் பெயரைச் சொல்லி எழுந்தது. பையன் இறங்கிவிட்டான். அவ்வளவுதான், அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளைக்கு அடிபட்டுவிடும் என்ற பயம். பக்கத்தில் சீதாராமன் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரிந்தது போனின் பின்பக்கம்.

"முந்தானையை எடுடி," என்று பல்லைக் கடித்தான். அந்த இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்.

கடைசியில் ஒரு தடவை ஜனம் குதித்து எழுந்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"என்னடா ஆச்சு?" என்றான் உதடு அசையாமல்.

"கோல் இல்ல. போஸ்ட்ல பட்டிருக்கும்."

"அடிச்சது இவனா?"

"யாருக்குத் தெரியும்."

பின்னால் கட்டியிருந்த கைகளை, ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்துகிற மாதிரி இறுக்கிக்கொண்டான்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. ஆட்டக்காரர்கள் ஜனத்துக்குக் கை காட்ட எங்கள் பக்கம் வந்தார்கள். ஒரு பூட்ஸ் சத்தம் கோவிந்தராஜனுக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

"மாமா. இக்கட சூடு மாமா."

பையனுக்குத் தமிழ் புரியும், பேசுவது தெலுங்குதான். இங்கே பார் என்கிறான். வரிசையின் முனையில் ராகவேந்திரா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நக்கோடா, வேணாம். டூட்டி," என்றான் கோவிந்தராஜன், காலரியைப் பார்த்தபடி. "அடி கிடி பட்டுச்சா?"

"லேது மாமா."

"அம்மாவுக்குக் கை காட்டு. பயந்து கெடக்கா."

காட்டியிருப்பான். காஞ்சனா முந்தானையை எடுத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். அத்தனை ஜனமும் எங்கள் தலைக்கு மேலே அவனைப் பார்த்தது. சந்தீப் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான், மூச்சுச் சத்தம் இருந்தது. பிறகு பஸ் கிளம்புகிறது என்று யாரோ இங்கிலீஷில் கூப்பிட, பூட்ஸ் சத்தம் ஓடிப்போயிற்று.

காலரி காலியாக நேரம் பிடித்தது. ராகவேந்திரா விசில் ஊதி விட்ட பிறகுதான் கோவிந்தராஜன் திரும்பினான். வலையைக் கழற்றுகிற ஆட்களைத் தவிர யாரும் இல்லை. விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள்.

"எந்தப் பக்கத்து போஸ்ட்டுடா?" என்று கேட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் அவன் பக்கத்தில் அப்படியேதானே நின்றேன்.