மணிக்கணக்கை நிறுத்தச் சொன்ன தனா அக்கா

தனா அக்கா போய்விட்டார் என்ற செய்தி, மனுரேவாவிலிருந்து ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகன் அழைத்தான். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்று மட்டும் தமிழில் முடித்தான். நோய் முற்றியிருந்தது தெரியும். ஆனாலும் அடுத்த நிலையத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

போக்கர் சீட்டாட்ட அறையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோயிலில் மட்டும் கண்டவர்களுக்காகச் சொல்கிறேன்: மலேசியாவின் கிள்ளானில் பிறந்த தனலட்சுமிக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொழில், சீட்டாட ஆட்களை வரவழைக்கும் பணச் சலுகைகளை வடிவமைப்பது. அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரே ஒருவருக்குப் பெருந்தொகை தரும் திட்டம் ஒன்றை ஆசையோடு எழுதிக் காட்டினேன். "பெரிய பரிசு போஸ்டருக்கு அழகு லா. சின்னப் பரிசுதான் நாற்காலிய நிரப்பும்" என்றார். மணிக்கு ஒருமுறை, மிக உயர்ந்த சீட்டுகள் சேர்ந்தவருக்குச் சிறு தொகை என்று மாற்றினார். வெறிச்சோடிக் கிடந்த திங்கள் மதியங்களில் ஆட்கள் வரத் தொடங்கினர்.

அதைவிட நன்றாக ஓடியது அடுத்த திட்டம். வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் மேசையில் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் இலவசமாக ஆடலாம், வென்றால் ரொக்கம். அறை நிரம்பியது. நிர்வாகம் கேக் வாங்கி வெட்டியது.

ஒரு மதியம், முதியோர் இல்லச் சீருடையோடு ஒரு பெண் வரவேற்பில் வந்து நின்றார். என்னைப் போல யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் மங்கரேயில் சரக்குக் கிடங்கில் வேலை முடித்து நேரே எங்களிடம் வருபவர்.

"அவர் வெல்லுறதுக்கு இருக்கேல்லை. உங்கட மணித்தியாலத்தை முடிக்கிறதுக்கு இருக்கிறார். பிள்ளையள் பள்ளிக்கூட வாசல்ல பாத்துக்கொண்டு நிக்குதுகள். ஆர் இந்தத் திட்டம் போட்டது?"

கம்பெனி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் தனா அக்கா உள்ளேயிருந்து வந்துவிட்டார். "நான்தான்மா போட்டேன்."

அந்தப் பெண் திட்டவில்லை. "ஓம், அப்ப நீங்களே நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவர அவரே போனார்.

தனா அக்கா மேசைக்குப் போய் அந்த மனிதரிடம் குனிந்து பேசினார். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ஒரு மணித்தியாலம்தான் அக்கா" என்றார். அக்கா திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு மணி நேரத்த அங்க வச்சது நான் லா."

அடுத்த வாரம் மனுகாவ் அலுவலகத்தில் கூட்டம். அறை நிறைந்திருக்கும்போது திட்டத்தை எதற்காக நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். ஆட்டக்காரர்கள் இப்போது விளையாட வரவில்லை, வேலைக்கு வருகிறார்கள், சம்பளம் இல்லாத வேலைக்கு என்று அக்கா சொன்னார். கடைசியில், பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு இருக்கும் மணிகள் கணக்கில் சேராது என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மதிய மேசைகள் மெலிந்தன. சில மாதங்களில் பழைய திட்டம் வேறு பெயரில் திரும்பியது. அக்காவை விருந்து முன்பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"விட்டுட்டுப் போகலாமே அக்கா" என்றேன்.

"வீட்டு மோர்ட்கேஜ் இருக்கு லா. நல்லவளா இருக்கறதுக்கும் லீவு வேணும்." சிரித்தார். களைத்த சிரிப்பு. அதன்பிறகு சீக்கிரமே நோயில் படுத்துவிட்டார்.

இறுதிச் சடங்குக்கு அந்தப் பெண் வந்திருந்தார். கணவரை மேசையில் காணவில்லையே, சீட்டாட்டத்தை விட்டுவிட்டாரா என்று கேட்டேன். "நீங்கள் பின்னேர மணித்தியாலம் எண்ணாத அந்தக் கொஞ்ச மாதத்தில வீட்டில இருந்து பழகிட்டார். பிறகு போகேல்லை. இந்த அக்கா சாகக் கிடந்தது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். மற்ற ஆட்டக்காரர்கள் இன்னும் மேசைக்கு வருகிறார்கள். நான் தினமும் பார்க்கிறேன்.

சலுகைகள் எழுதும் அக்காவின் பழைய இருக்கையில் இப்போது நான். எனக்கும் வாடகை, விசா எல்லாம் இருக்கின்றன. மாற்றப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அவர் செய்த ஒன்றை மட்டும் விடாமல் செய்கிறேன். எந்தச் சலுகையை எழுதினாலும், பரிசுத் தொகைக்கு முன்னால் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் நேரத்தை எழுதுகிறேன். பாதி முறை மேலிடம் அதை அடித்துவிடுகிறது. அடுத்த தடவையும் எழுதுகிறேன்.